யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் ஓனர், கரண்ட்டை எங்கேதான் மிச்சம் பிடிப்பது?

மேல்மாடிக்காரன்:

வணக்கம். சென்னை மடிப்பாக்கம் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, ஆறாவது படிக்கிற பையன், ஊரிலிருந்து வந்து ஒரு வருடமாக எங்களோடு இருக்கும் அம்மா. தலைக்கு மேலே மொட்டை மாடி. அதனால் வாடகை கீழ் வீட்டைவிட ஆயிரத்து ஐந்நூறு குறைவு என்று சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்தேன், அந்த ஆயிரத்து ஐந்நூறு எங்கே போகிறது என்று இப்போதுதான் புரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்குக்கூட சீலிங்கைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கிறது.

எங்களுக்கு ஈபி கார்டு தனியாகக் கிடையாது. ஓனர் தன் ஈபி மீட்டருக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு சப் மீட்டர் வைத்திருக்கிறார், யூனிட்டுக்கு 9 ரூபாய். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 410 யூனிட், 3690 ரூபாய் கொடுத்தேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொந்த வீடு, ஏசி வைத்துக்கொண்டு 480 யூனிட் ஓட்டியிருக்கிறார், அவர் கட்டியது 1679. எழுபது யூனிட் கூடுதலாக எரித்துவிட்டு நான் கட்டியதில் பாதிகூடக் கட்டவில்லை மனுஷன். அன்றைக்கு அவரோடு டீ குடிக்கப் போகவில்லை.

வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து. ஏசி ராத்திரி பத்திலிருந்து ஒரு மணி வரை, அப்புறம் டைமரில் ஆஃப். அம்மா பகலில் ஃபேனே போடுவதில்லை, "நான் ஒருத்திதானே இருக்கேன், எதுக்கு" என்று படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார், அறுபத்தெட்டு வயது. மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, அவர் ரூமில் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். பையன் எல்லா ரூமிலும் லைட்டைப் போட்டுவிட்டு ஹாலில் டிவி பார்க்கிறான்.

கேள்வி இதுதான். கரண்ட் குறைவாக எடுக்கும் என்கிற பிஎல்டிசி ஃபேன் வாங்கினால் நிஜமாகவே குறையுமா, அல்லது யூடியூபில் சொல்கிற கதையா? ஏசி, ஃபிரிட்ஜ் இரண்டும் ஓனர் விட்டுவைத்தவை, பழசு, அவற்றை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா? இப்படி யாராவது குறைத்திருந்தால் சொல்லுங்கள்.

---

வயர்மேன்_கோவை:

சார், முதலில் ஃபேன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாதா சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பிஎல்டிசி 30 வாட் என்று வைத்தால் அதே ஓட்டத்துக்கு 29 யூனிட் வரும். 43 யூனிட் மிச்சம். இதில் பொய் இல்லை. பழைய டப்பா ரெகுலேட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக வயர் கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு சேர்த்து மாட்டினால் போர்டு போய்விடும், வாரண்டியும் கிடைக்காது.

ஆனால் அந்த 43 யூனிட்டுக்கு ஆளுக்கு ஆள் விலை வேறு, வேடிக்கையே இங்கேதான். 2024 ஜூலையில் வந்த ரேட்டை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு யூனிட் 9 ரூபாய், ஒரு பில்லுக்கு 387 மிச்சம், மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஒன்றே கால் வருடத்தில் அசலை எடுத்துவிடும். உங்கள் ஆபீஸ் நண்பர் மாதிரி நேரடி கார்டு வைத்து, ஆனால் 201 முதல் 400 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு யூனிட் 4.70, அவருக்கு 202 ரூபாய்தான் மிச்சம், இரண்டரை வருடம் ஆகும். நூறு யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு அது இலவசம், அவர்களுக்கு அசல் திரும்பவே திரும்பாது. என் கடைக்கு வந்து ஃபேன் காயில் ரீவைண்டிங் செய்து வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்கள்தான். முந்நூறு நானூறில் வேலை முடிகிறது, அவர்கள் ஏன் மூவாயிரம் போடுவார்கள்? நானே போடச் சொல்ல மாட்டேன். எல்இடி பல்பு ஏன் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது என்றால் விலை விழுந்ததால்தான். மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது 2014 இல் ஒரு பல்பு 310 ரூபாய், 2016 இல் 38. ஃபேன் விலை அந்த அளவுக்கு இன்னும் விழவில்லை.

நீங்கள் தாராளமாக வாங்கலாம். வீடு காலி பண்ணும்போது கழற்றி எடுத்துப் போகலாம், பழைய ஃபேனைப் பரண் மேல் பத்திரமாக வைத்து ஓனருக்கே திருப்பி மாட்டிக் கொடுங்கள். எல்லா ரூமுக்கும் வேண்டாம். உங்கள் மனைவி வேலை செய்யும் ரூமுக்கு முதலில்.

ஃபிரிட்ஜைச் சொன்னீர்களே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். பழைய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை இரண்டு யூனிட்கூடத் தின்னும். புது சிங்கிள் டோர் 190 லிட்டரில் ஸ்டிக்கரைப் பார்த்தால் வருடத்துக்கே 200 யூனிட்டுக்குக் கீழேதான் போட்டிருக்கும். கையில் காசு இல்லாதவர் செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்கி, அதற்கு மேல் கரண்ட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதை வாரா வாரம் பார்க்கிறேன்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மெயினை ஆஃப் செய்துவிட்டு சப் மீட்டரைப் போய்ப் பாருங்கள். சிவப்பாக ஒரு சின்ன லைட் இருக்கும், பக்கத்தில் 3200 என்று எழுதியிருக்கும், அது 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். மெயின் ஆஃப் ஆன பிறகு மின்னவே கூடாது. மின்னினால் உங்கள் லைனிலிருந்து வேறு எங்கோ போகிறது. ஒரு தடவை பார்த்தால் போதாது, காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பாருங்கள்.

---

ஒட்டன்சத்திரத்துக்காரி:

அண்ணா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மீட்டர் அத்தை கையில்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரம் ஒரு தடவை ரீடிங் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். 2016 இல் நூறு யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்று வந்ததிலிருந்து அவருக்கு ஒரே குறி, நூறைத் தாண்டக் கூடாது. கணக்கெடுக்க ஆள் வரும் தேதிக்கு முந்தைய பத்து நாள் வீட்டில் ஊரடங்குதான். அயர்ன் பாக்ஸ் பீரோ மேலே போய்விடும், நான் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பேன். தாண்டினால்தான் என்ன, 130 வந்தால் எழுபது ரூபாய் ஐம்பது காசு, அவ்வளவுதான். அதைவிட அதிகமாக வெற்றிலைக்குச் செலவழிப்பார். ஆனால் "நமக்கு பில்லே வராது" என்று பக்கத்து வீட்டில் சொல்ல முடியாமல் போய்விடுமே, அதுதான் அவருக்குத் தாங்காது.

இதனால் கரண்ட் மிச்சமாகிறதா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து பாதிதான். வெந்நீர் இன்றைக்கும் விறகு அடுப்பில்தான், தோட்டத்து முருங்கைக் கட்டை, தென்னை மட்டை. ஹீட்டர் வேண்டாம் என்பது சிக்கனம்தான், ஆனால் புகையில் உட்கார்ந்து ஊதுகிறது நான். மாமா அந்த அடுப்புப் பக்கமே வர மாட்டார். அவருக்கு வெந்நீர் எப்படி வருகிறது என்பதே தெரியுமோ என்னவோ.

இதில் கேஸ் கதையும் இருக்கிறது. சிலிண்டர் விலை ஏறியதும் ரைஸ் குக்கர் வாங்கினோம், அரை மணி நேரம் ஓடினால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், நூறுக்குள் இருந்தால் அதுவும் சும்மா. அதனால் அத்தை இப்போது ஃபேனை நிறுத்திவிட்டு அந்த யூனிட்டில் சோறு ஆக்கச் சொல்கிறார். கேஸ் இரண்டு மாதம் வருகிறது. நீங்கள் எல்லாம் கரண்ட்டை மட்டும் தனியாக வைத்துப் பேசுகிறீர்கள், எங்களுக்கு விறகு, கேஸ், கரண்ட் மூன்றும் ஒரே பர்ஸ், எது இந்த மாதம் மலிவோ அதன் பக்கம் சாய்வோம்.

அரசாங்கம் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. எத்தனை வாட் என்று யாரும் பார்த்ததில்லை, ஆட்டுக்கல் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

உங்கள் அம்மாவை மட்டும் படிக்கட்டில் உட்கார விடாதீர்கள். மே மாத வெயிலில் அத்தை ஒரு தடவை மயங்கி விழுந்து, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றித்தான் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு ஆன செலவில் மூன்று வருடத்துக்கு ஃபேன் ஓட்டியிருக்கலாம்.

---

மூணு_போர்ஷன்:

ஓனர் என்றதும் எல்லோரும் கல்லெடுத்துவிடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நானும் ஓனர்தான், தாம்பரம் தாண்டி. அப்பா கட்டிய வீடு, கீழே நாங்கள், மேலே இரண்டு போர்ஷன், மூன்றுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ்.

தமிழ்நாட்டு ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் கணக்கு, எப்படி என்று தெரியாமல் பலர் பேசுகிறார்கள். 2024 ஜூலை ரேட்டில் 500 யூனிட்டுக்கு பில் 1805. 501 ஆனால் 2048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கும் இருந்த 2.35 போய் அதுவும் 4.70 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 8.40. மேலே போகப் போக 9.45, 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. எங்கள் மூன்று குடும்பமும் சேர்ந்து கோடையில் 1150 யூனிட் வந்தது, பில் 8602 ரூபாய். இதே மூன்று பேருக்கும் தனித்தனி கார்டு இருந்து ஆளுக்கு 383 ஓட்டியிருந்தால் ஆளுக்குச் சுமார் 1100, மூன்றுக்கும் சேர்த்து 3300க்குள் முடிந்திருக்கும். ஐயாயிரத்து முந்நூறு ரூபாய் ஒரே வீட்டில் ஒரே மீட்டரில் இருப்பதற்கான அபராதம். யாரும் கூடுதலாக எதையும் எரிக்கவில்லை.

அதனால் உங்கள் ஓனர் 9 ரூபாய் என்பது முழுக்கக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். என் கணக்கில் சராசரி யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் வருகிறது. நான் 8 வாங்குகிறேன், மோட்டாருக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் சேர்த்து. கோடை போனால் சராசரி இறங்கும், நான் ரேட்டை இறக்குவதில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தப்பில்லை. ஈபி கார்டு நம்பர் தெரிந்தால் ஆன்லைனிலேயே பில் தொகை பார்க்கலாம்.

தனி சர்வீஸ் வாங்குவதுதான் வழி. தனிச் சமையலறை, தனி வாசல் இருக்க வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும், வயரிங் பிரிக்க வேண்டும், எலக்ட்ரீசியன் கேட்டது என் ஒரு மாத வாடகைக்கு மேல். நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்று மனைவி கேட்டாள். மிச்சமாகும் பணம் குடியிருப்பவருக்கு, செலவு எனக்கு. அவ்வளவுதான் காரணம். அதே காரணத்தால்தான் உங்கள் ஓனரும் ஃபிரிட்ஜை மாற்ற மாட்டார், மொட்டை மாடியில் தட்டு ஓடு பதிக்க மாட்டார், சோலார் வைக்க மாட்டார். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கிறது, நான் விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது? கூரை அவருடையது இல்லையே.

உங்களால் முடிந்தது ஒன்று சொல்கிறேன் தம்பி. மொட்டை மாடியில் உங்கள் படுக்கையறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பில் கொஞ்சம் பெவிகால் கலந்து இரண்டு கோட் அடிக்க அனுமதி கேளுங்கள். எந்த ஓனரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அவர் காசு இல்லையே. நான் என் மேல் போர்ஷனுக்கு அடித்துக் கொடுத்தேன், வித்தியாசம் கையால் தொட்டாலே தெரிகிறது.

---

சி_பிளாக்_செயலாளர்:

நல்ல விவாதம். என் அனுபவம் வேறு மாதிரி. எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடு, எல்லோருக்கும் தனி மீட்டர், யாருக்கும் பணக் கஷ்டம் என்று சொல்ல முடியாது. இங்கே சிக்கனம் என்று வாயைத் திறந்தாலே "நாங்கள்தானே கட்டுகிறோம்" என்பார்கள்.

நான் எங்கோ படித்த ஒரு ஆய்வை வைத்து ஒரு வேலை செய்தேன். கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் முந்நூறு வீட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, உங்கள் வீடு இவ்வளவு, உங்கள் தெருவின் சராசரி இவ்வளவு என்று ஒரு அட்டையைக் கதவில் மாட்டிவிட்டார்கள். 2007 இல் வெளியானது. அதிகம் எரித்தவர்கள் குறைத்தார்கள், சரி. ஆனால் சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் "ஓ, நாம்தான் அநியாயத்துக்குக் கஞ்சமாக இருக்கிறோமா" என்று கூட்டிவிட்டார்கள். அட்டையில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்து கொடுத்ததும் அவர்கள் கூட்டாமல் நின்றார்கள். ஒரு சிரிப்புப் படம், அவ்வளவுதான் செலவு.

நான் உற்சாகமாக நாற்பது வீட்டு யூனிட்டையும் வாட்ஸாப் குழுவில் போட்டேன், பெயர் போடாமல் வீட்டு எண் மட்டும். 90 யூனிட் வந்த தாத்தா பாட்டி வீட்டுக்கு நாற்பது கைத்தட்டல். 1100 வந்த ஒரு வீட்டைப் பற்றி ஒருவர் "நீச்சல் குளம் வைத்திருக்கிறார்களா" என்று கேட்டார், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலை அந்த வீட்டு அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கணவருக்கு நுரையீரல் பிரச்சினை, ஆக்ஸிஜன் மெஷின் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது, 350 வாட், ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல். காற்று மெத்தை வேறு. அந்த ரூமில் ஏசியை நிறுத்த முடியாது. அவர் சண்டை போட வரவில்லை. "எதைக் குறைக்கலாம் என்று நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பட்டியலை அழித்துவிட்டேன். இப்போது அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும் போகிறது, போன வருடத்து அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டு.

படிக்கட்டு லைட், மோட்டார் இவற்றுக்குத் தனி மீட்டர் வைத்துவிட்டோம். சின்னக் குடியிருப்பாக இருந்தால், அதாவது பத்து வீடு, மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால், பொதுப் பயன்பாட்டு ரேட் 2023 இல் 8.15 இலிருந்து 5.50 ஆகக் குறைந்தது. எங்களுக்கு நாற்பது வீடு, லிஃப்ட் வேறு, அதனால் கிடைக்கவில்லை. அதற்காக லிஃப்ட்டை எடுத்துவிடலாமா என்று பொதுக்குழுவில் ஒருவர் உண்மையாகவே கேட்டார், தரைத்தளத்துக்காரர்.

---

மேல்மாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

வயர்மேன் அண்ணன் சொன்னபடி மெயினை ஆஃப் செய்து பார்த்தேன். ராத்திரி பார்த்தபோது நிமிடத்துக்கு ஒரு தடவை, சில நேரம் அதற்கும் மெதுவாக மின்னியது. சரி, படிக்கட்டு லைட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்குப் பையனைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போய்ப் பார்த்தால், அந்தச் சிவப்பு லைட் பித்துப் பிடித்த மாதிரி துடிக்கிறது. பையனை போனில் நேரம் பார்க்கச் சொல்லி எண்ணினேன், நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. கீழே கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என் சப் மீட்டரில். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஐம்பது யூனிட் வைத்தாலும் 450 ரூபாய். நாங்கள் வந்து இரண்டரை வருடம் ஆகிறது, கணக்குப் போட வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள், நான் போட்டுவிட்டேன்.

ஓனர் கெட்டவர் என்று நினைக்கவில்லை, முந்தின குடித்தனக்காரர் காலத்தில் யாரோ எலக்ட்ரீசியன் கைக்கு வந்த லைனில் கொடுத்திருக்கலாம். அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மீட்டர் துடிப்பதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அதோடு சேர்த்து சுண்ணாம்புக்கும் கேட்டுவிடுகிறேன், ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டில் ஒன்றுக்காவது சரி என்பார். தனி சர்வீஸ் பற்றி மூணு போர்ஷன் சார் சொன்னது உறைத்தது, வயரிங் செலவில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசனை. பதினோரு மாத அக்ரிமெண்ட் வைத்துக்கொண்டு இன்னொருவர் சுவருக்குள் என் காசைப் புதைப்பதா என்றும் இருக்கிறது.

பத்து ரூபாய் நோட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர் மட்டும் மாற்றினால் போதுமா என்று ஆளைக் கேட்டிருக்கிறேன். பிஎல்டிசி ஃபேன் ஒன்று வாங்கியாகிவிட்டது, மனைவி ரூமுக்கு.

ஒட்டன்சத்திரம் தங்கச்சி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த அத்தைக்கு இப்போ எப்படி இருக்காம்" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மதியம் போன் செய்தபோது ஃபேன் சத்தம் கேட்டது. எந்த ரூம் என்று கேட்டேன், புது ஃபேன் இருக்கிற ரூமில் மருமகளோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாராம், மீட்டிங்கில் இருக்கிறாள், சத்தம் போடாதே, வை போனை என்றார்.